சோனியின் சொந்த ஸ்டூடியோக்களில் உங்கள் வீட்டுக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: இரண்டு பிள்ளைகளுக்காக சோனியின் கேம் மெஷினான பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வாங்கப்போகிறேன். "எல்லா வகை கேமும் சோனியே தயாரிக்கிறது, வேறு கம்பெனி டிஸ்க் எதற்கு? பத்து சோனி கேம் உள்ள அக்கவுண்ட் மலிவாகத் தருகிறேன்" என்கிறார் விற்பவர். எங்களுக்கு வேண்டியது கார் ரேஸ், கிரிக்கெட், சண்டை கேம், இருவரும் சேர்ந்து ஆட ஒன்று. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் கேட்ட நான்கில் சோனியின் சொந்த ஸ்டூடியோவில் உருப்படியாகக் கிடைப்பது கார் ரேஸ் மட்டும்தான்.

அந்த ஸ்டூடியோக்களின் பலமெல்லாம் ஒரே வகையில் குவிந்து கிடக்கிறது. கேமரா நாயகனின் முதுகுக்குப் பின்னால் வர, ஒருவர் தனியாக உட்கார்ந்து முடிக்கும் கதை கேம் அது. நாட்டி டாக்கின் லாஸ்ட் ஆஃப் அஸ், சான்டா மோனிகாவின் காட் ஆஃப் வார், இன்சோம்னியாக்கின் ஸ்பைடர்மேன், கெரில்லாவின் ஹொரைசன் எல்லாம் அப்படித்தான். அருமையான உழைப்பு. ஆனால் ஒரு பிள்ளை ஆடும், இன்னொன்று வேடிக்கை பார்க்கும். முதல் இரண்டும் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை என்பதையும் கவனியுங்கள்.

விளையாட்டு என்றால் சான் டியேகோ ஸ்டூடியோ ஆண்டுதோறும் தருவது அமெரிக்க பேஸ்பால். கிரிக்கெட்டுக்கு ஆஸ்திரேலியாவின் பிக் ஆன்ட் செய்த கிரிக்கெட் 24 பாருங்கள். சண்டைக்கு கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, பண்டாய் நாம்கோவின் டெக்கன் 8. இரண்டிலும் ஒரே டிவியில் இருவர் மோதலாம்.

ரேஸில் ஒருகாலத்தில் சோனியிடம் வேறு ஸ்டூடியோக்களும் இருந்தன. வைப்அவுட் செய்த லிவர்பூல் ஸ்டூடியோவை 2012இலும், டிரைவ்கிளப் செய்த எவல்யூஷனை 2016இலும் மூடிவிட்டார்கள். மிச்சம் பாலிஃபோனி டிஜிட்டலின் கிரான் டூரிஸ்மோ 7. இரண்டாகப் பிரித்த திரையில் இருவர் ஓட்டலாம்.

இந்த ஒரு கேமுக்கு மட்டும் நெட் விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டிஸ்க் இருந்தால் நெட் வேண்டாம் என்பது மேலே சொன்ன கதை கேம்களுக்குச் சரி, இதற்குச் சரியல்ல. தனியாளாக ஆடினாலும் உங்கள் கார்கள், பணம், முன்னேற்றம் எல்லாம் சர்வரில்தான் பதிவாகும். நெட் போனால் கைக்கு மிஞ்சுவது மிகக் கொஞ்சம். 2022 மார்ச்சில் வெளியான இரண்டே வாரத்தில் ஒரு அப்டேட் கோளாறால் சர்வர் 30 மணி நேரத்துக்கு மேல் நின்றது. காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவர்களும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். இதைப் பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட என்ன தயக்கம்?

சேர்ந்து ஆட சாக்பாய்: எ பிக் அட்வென்ச்சர் வாங்குங்கள், நான்கு பேர் வரை ஆடலாம். வெளியிட்டது சோனி, செய்தது சுமோ டிஜிட்டல் என்ற வெளி நிறுவனம். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் 'வெளியீட்டாளர்' என்ற இடத்தில் சோனி பெயர் இருப்பதைக் காட்டித்தான் எல்லாம் சோனி தயாரிப்பு என்று கதை விடுகிறார்கள். செய்தவர் பெயரையும் பக்கத்திலேயே போட்டால் இந்தக் குழப்பமே வராது.

இனி அந்த மலிவு அக்கவுண்ட். அக்கவுண்டின் கேம்களை வீட்டில் எல்லாரும் ஆடவும், நெட் இல்லாமல் ஆடவும் ஒரு செட்டிங் உண்டு. அதை ஒரே ஒரு பிஎஸ்5இல்தான் ஆன் செய்ய முடியும். விற்பவர் அதை வேறொருவருக்கு விற்றிருப்பார், உங்களுக்கு வருவது வெறும் லாகின். மெயில் அவருடையது, வாங்கிய ரசீதும் அவருடையது. ஒருநாள் பாஸ்வேர்டை மாற்றினால் பத்து கேமும் பூட்டிக்கொள்ளும். அக்கவுண்டை விற்பது சோனியின் விதிக்கே விரோதம், அதனால் புகார் செய்தும் பலனில்லை.

டிஸ்க்கே வாங்குங்கள். அதற்கு டிஸ்க் போடும் டிரைவ் உள்ள மாடல் வேண்டும். டிஜிட்டல் எடிஷனிலும் பிஎஸ்5 புரோவிலும் டிரைவ் கிடையாது. ஸ்லிம் டிஜிட்டலிலும் புரோவிலும் தனியாக வாங்கி மாட்டலாம், முதல் முறை பதிவுசெய்ய நெட் வேண்டும். பழைய பெரிய டிஜிட்டல் மாடலில் மாட்டவே முடியாது. செகண்ட் ஹேண்டில் தள்ளிவிடப் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

பணம் எடுக்குமுன் டிஸ்க் பெட்டியைத் திருப்புங்கள். அடியில் பொடி எழுத்தில் எத்தனை பேர் ஆடலாம் என்று இருக்கும். 1 என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நெட்வொர்க் வழியாக ஆடுவோர் என்று வரும் எண்ணிக்கை வேறு, அதை நம்பி ஒரே டிவி முன் இருவரை உட்கார வைக்க முடியாது. கன்சோலோடு வருவது ஒரே கன்ட்ரோலர், இரண்டாவதுக்கும் பணம் ஒதுக்குங்கள்.