வாசகர் கேள்வி – பதில்: கேனில் கிடக்கும் பெட்ரோலும் ஓடாத களைவெட்டியும்

ஆடி மழைக்குப் பிறகு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுள் பல, பெட்ரோலில் ஓடும் சிறு பண்ணைக் கருவிகளைப் பற்றியவை. அவற்றுள் நான்கிற்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: மாந்தோப்பில் களை வெட்ட நான்கு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் வைத்திருக்கிறேன். சென்ற கார்த்திகை வரை நன்றாக ஓடியதைத் தகரக் கொட்டகையில் அப்படியே வைத்துவிட்டேன். இந்த ஆடியில் எடுத்தால் கயிறு இழுத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்தார். கேனில் மீதமிருந்த பழைய பெட்ரோலை ஊற்றினேன். இரண்டே நாளில் மறுபடி நின்றுவிட்டது. பழுது இயந்திரத்திலா, பெட்ரோலிலா?
– காவேரிப்பட்டணம் வாசகர்

பதில்: பெட்ரோலில்தான். இயந்திரத்தின் மேல் குறை சொல்ல உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை.

பெட்ரோல் ஒரே பொருள் அன்று. எளிதில் ஆவியாகும் பகுதிகளும் மெதுவாக ஆவியாகும் பகுதிகளும் கலந்த கலவை. கயிற்றை இழுத்த உடனே தீப்பற்ற உதவுவது முதல் வகை; மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும் முதலில் போய்விடுவதும் அதுவே. எஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மாதக்கணக்கில் பிசினாக மாறி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டரின் மிக நுண்ணிய துளைகளில் படிந்துவிடுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் கொதித்த தகரக் கொட்டகைக்குள் இருந்த பெட்ரோலுக்கு இது இன்னும் விரைவாக நடந்திருக்கும்.

இதோடு, பெட்ரோலில் கலக்கப்படும் ஆல்கஹாலான எத்தனாலும் சேர்ந்துகொண்டது. 2030ஆம் ஆண்டுக்கு என வைத்திருந்த 20 சதவீத எத்தனால் கலப்பு இலக்கை அரசு 2025க்கு முன்னகர்த்தியதால், இன்று பங்க்கில் நீங்கள் வாங்கும் பெட்ரோலில் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் இருக்கிறது. எத்தனால் நீரை இழுக்கும் தன்மை கொண்டது. பாதி காலியான கேன் பகல் வெப்பத்தில் ஆவியை வெளியே தள்ளி, இரவுக் குளிரில் ஈரக்காற்றை உள்ளே வாங்குகிறது. நீர் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கின் குழாய் உறிஞ்சுவதோ அந்த அடிப்பகுதியைத்தான். பழைய கருவிகளின் ரப்பர் குழாய்கள் எத்தனாலுக்கென்று செய்யப்பட்டவை அல்ல என்பதால், அவை இறுகி வெடித்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பல கருவிகளின் கையேடுகள் 10 சதவீத எத்தனாலுக்கு மேல் ஏற்பதில்லை; ஆகவே ஊற்றியதை உள்ளே நிற்கவிடாமல் ஓட்டித் தீர்ப்பதே நம் கையில் இருக்கும் வழி.

ஒரு மாதத்திற்குத் தேவையானதை மட்டும் வாங்கி, வாங்கிய தேதியைக் கேனின் மேல் எழுதிவையுங்கள். பருவம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டரும் காலியாகிவிடும். பிறகு, ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு சிறு கரண்டி என்ஜின் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்து, பிளக்கைத் திரும்ப மாட்டி வையுங்கள். இந்தக் கால் மணி நேர வேலையை எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் தகும்.

கையிலுள்ள பழைய பெட்ரோலைச் சிறிது கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் கறுத்து வார்னிஷ் வாடை வந்தாலோ, அடியில் தனி அடுக்கு தெரிந்தாலோ எதிலும் ஊற்றாதீர்கள். வரப்பிலும் ஓடையிலும் கொட்டாமல், கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: தக்காளிக்கு மருந்தடிக்கும் இரண்டு ஸ்ட்ரோக் பவர் ஸ்பிரேயரில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும்? கூடுதலாக ஊற்றினால் என்ஜினுக்கு நல்லது என்கிறார் என் மாமா.
– பாலக்கோடு வாசகர்

பதில்: கருவியின் கையேட்டில் 25:1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி, 50:1 என்றிருந்தால் 20 மில்லி. மாமாவின் எண்ணம் அக்கறையில் பிறந்தது என்றாலும் சரியன்று. ஆயில் கூடினால் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி படியும். அதே துளை வழியே ஆயில் அதிகமாகப் போவதால் பெட்ரோலின் பங்கு குறைந்து என்ஜின் கூடுதலாகச் சூடேறவும் செய்யும். ஆயில் குறைந்தாலோ பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அளவுக் குவளையில் அளந்து, தனிக் கேனில் கலந்து குலுக்கிய பிறகே டேங்கில் ஊற்றுங்கள். கார், டிராக்டர் என்ஜின் ஆயில் இதற்கு ஆகாது. இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினுக்கென்று விற்கும் 2டி ஆயில்தான் வேண்டும்.

கலந்ததை 30 நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். முன்பு சொன்னபடி எத்தனாலும் நீரும் அடியில் பிரிந்தால், ஆயில் மேலேயுள்ள பெட்ரோலோடு தங்கிவிடும்; என்ஜின் ஆயிலே இல்லாத திரவத்தைக் குடித்து ஓடும்.

கேள்வி: என் கணவர் பெட்ரோலைத் தண்ணீர்ப் பாட்டில்களில் வாங்கி வந்து கிணற்று மோட்டார் ரூமில் அடுக்கி வைக்கிறார். வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– பென்னாகரம் வாசகி

பதில்: உங்கள் பயம் முற்றிலும் நியாயமானது, அம்மா. இந்தப் பகுதியைக் கணவரிடம் படித்துக் காட்டுங்கள்.

பெட்ரோல், சுழியத்திற்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றை விடக் கனமானது. மேலே போய்விடாமல் தரையோடு பரவி, காற்றோட்டம் இல்லாத சிறு அறையில் தேங்கி நிற்கும். மோட்டார் ஸ்டார்ட்டரை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அதன் உள்ளே பொறி பறக்கிறது. இவ்விரண்டும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. சமையலறைப் பரணும், விளக்கேற்றும் பூசை அறையும் அப்படியே.

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமம் இன்றி வைத்திருக்க அனுமதிக்கிறது. ஆனால் இறுக மூடிய உலோகம், கண்ணாடி அல்லது பீங்கான் கலத்தில்தான் வைக்க வேண்டும். உலோகக் கலம் 25 லிட்டருக்கும், மற்றவை ஒரு லிட்டருக்கும் மிகக் கூடாது. தண்ணீர்ப் பாட்டில் இந்தப் பட்டியலிலேயே இல்லை. தாகத்தில் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும் என்பது சட்டத்தை விடப் பெரிய காரணம்.

ஐந்து லிட்டர் உலோகக் கேன் ஒன்று வாங்கி, கழுத்துக்கு மூன்று விரல் கீழேவரை மட்டும் நிரப்பி, வீட்டை விட்டுத் தள்ளி நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். பங்க்கில் கேனை வண்டியின் மேல் வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்ப வேண்டும். இல்லையேல் நிலைமின்சாரப் பொறி எழலாம். கருவியில் ஊற்றும்போது என்ஜின் ஆறப் பத்து நிமிடமாவது காத்திருந்து, ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யட்டும்.

கேள்வி: புதிய பெட்ரோல் ஊற்றியும் பவர் வீடர் புகை கக்கி, இழுவை இல்லாமல் ஓடுகிறது.
– அரூர் வாசகர்

பதில்: முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். மரவள்ளிக் காட்டுச் செம்மண் புழுதியில் ஓடும் வீடருக்கு அது சில நாளிலேயே அடைத்துவிடும். ஸ்பாஞ்சு ஃபில்டர் என்றால் சோப்பு நீரில் அலசி, நிழலில் நன்கு உலர்த்தி, சில துளி ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். காகித ஃபில்டரைக் கழுவாமல் மாற்றிவிடுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது காற்றைக் குறைக்கும் சோக், ஓடும்போது முழுவதும் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் பின்னும் புகை நீலமாக வந்தால், என்ஜின் ஆயில் அளவுக்கு மேல் நிரம்பியிருக்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி அளவுக்கம்பியால் சரிபாருங்கள்.