ஓட்டுக் கணக்கும் ஆண்டவரின் ராஜ்யமும்

கேள்வி: என் கணவர் எங்கள் சபைக் கமிட்டித் தேர்தலில் நிற்கிறார். வீட்டில் எந்நேரமும் ஓட்டுக் கணக்குதான். "என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல என்று இயேசுவே சொல்லியிருக்கிறார், பதவி எதற்கு?" என்று கேட்டேன். "அப்போ சபையை யாரோ எப்படியோ நடத்தட்டும் என்று விட்டுவிடலாமா?" என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் சொன்ன வசனத்திலிருந்தே தொடங்குவோம். ரோம ஆளுநர் பிலாத்துவின் முன்னால் கைதியாக நிற்கும்போது இயேசு சொன்னது அது (யோவான் 18:36). கிரேக்க மூலத்தில் "இந்த உலகத்திலிருந்து வந்ததல்ல" என்ற பொருள் வருகிறது. அதாவது, அந்த ராஜ்யத்துக்கு அதிகாரம் கிடைக்கும் இடம் வேறு. உலகத்தில் அதற்கு வேலையில்லை என்று அவர் சொல்லவில்லை. இவ்வுலகத்துக்குரியதாயிருந்தால் என் ஊழியக்காரர் போராடியிருப்பார்களே என்கிறார் அடுத்தபடியாக. முந்தின இரவுதான் அவருடைய சீஷன் பேதுரு வாளை உருவி, அவரைப் பிடிக்க வந்த கூட்டத்திலிருந்த மல்குஸின் காதை வெட்ட, வாளை உறையிலே போடச் சொல்லியிருந்தார் இயேசு.

'ராஜ்யம்' என்றதும் நமக்குக் கோட்டையும் எல்லையும்தான் நினைவுக்கு வருகின்றன. கிரேக்கத்தில் உள்ள 'பசிலேயா' என்ற சொல் நிலப்பரப்பைவிட ஆளுகையையே முதலில் குறிக்கும். 1995-இல் வந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பில், இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் 'ராஜ்யம்' வரும் இடத்தில் "உமது ஆட்சி வருக" என்றிருக்கிறது. பழைய வேதாகமத்தோடு வளர்ந்த என் காதுக்கு அது இன்னும் ஒட்டவில்லை. ஆனாலும் பொருளுக்குக் கிட்டே வருவது அதுதான்.

சரி, பதவிக்கு வருவோம். லூக்கா 22-ஐ எடுத்து வாசியுங்கள். கடைசி இராப்போஜனம். அப்பம் பிட்டுக் கொடுத்த அதே பந்தியில் சீஷர்களுக்குள் வாக்குவாதம்: நம்மில் யார் பெரியவன்? (கமிட்டிச் சண்டைக்கு அவ்வளவு வயதாகிறது!) புறஜாதியாரின் ராஜாக்கள் ஆளுகிறார்கள், அதிகாரம் செலுத்துகிறவர்கள் உபகாரிகள் என்னப்படுகிறார்கள் என்கிறார் இயேசு. உபகாரி என்பது அன்றைக்கு ஒரு பட்டம். எகிப்தை ஆண்ட மூன்றாம் தாலமிக்கு அதுதான் சிறப்புப் பெயர். கிரேக்க நகரங்களில் மண்டபமோ தானியமோ கொடுத்த செல்வந்தரின் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பார்கள். அப்புறம் ஊரே அவருக்குக் கடன்பட்டதுபோல் நடந்துகொள்ள வேண்டும். நம் கோயில் மின்விசிறி இறக்கைகளில் 'அன்பளிப்பு' என்று எழுதியிருக்கும் பெயர்களை நினைத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும்.

"உங்களுக்குள்ளே அப்படியிருக்கக்கூடாது" என்றவர், பெரியவனே இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பெரியவன் சிறியவனைப்போலவும், தலைவன் பணிவிடைக்காரனைப்போலவும் இருக்கட்டும் என்றார். யோவான் சொல்கிறபடி, அந்த இராத்திரியில்தான் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவினார். காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசும் அப்போது அங்கேதான் இருந்தான்.

ஆகவே வசனத்தை வைத்துக் கணவரை மடக்க வேண்டாம், நிற்கட்டும். தோற்றுப்போனால் அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் வந்து நாற்காலி போடுவாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். சிரித்துவிட்டுச் சமாளித்தால் உங்கள் சந்தேகம் வீணல்ல.

இன்னொன்று. ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போகிறார் அல்லவா? சந்தா பாக்கியால் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறாத வீடுகள் உங்கள் சபையிலும் இருக்கும். அங்கேயும் ஒரு நடை போய் நலம் விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.