அலுவலகத் தொலைபேசி மென்பொருளில் மின்னஞ்சலையும் அழைப்புப் பதிவையும் தனியுரிமை கெடாமல் அமைப்பது எப்படி?

வாய்ஸ்மெயிலும் அழைப்புப் பதிவுகளும் மின்னஞ்சலுக்கு வர வேண்டும், அதே சமயம் வாடிக்கையாளர் பேசியது கண்டவர் கையில் சிக்கக் கூடாது, இதற்கு என்னென்ன அமைப்புகளை மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அலுவலகங்களுக்கு இந்த மாதிரி மென்பொருள்களை நிறுவித் தருவதுதான் என் வேலை. என் பதில் இதுதான்: மின்னஞ்சலில் அறிவிப்பு மட்டும் போகட்டும், ஒலிக்கோப்பு போக வேண்டாம்.

ஒலிக்கோப்பு ஒருமுறை அட்டாச்மென்டாகப் போய்விட்டால் அதன்மேல் உங்களுக்குப் பிடி இருக்காது. யார் கேட்டார்கள் என்று பார்க்க வழியில்லை. சர்வரில் 90 நாளில் அழிக்கச் சொல்லி வைத்திருந்தாலும் அந்த விதி ஊழியரின் இன்பாக்ஸை எட்டாது. அவர் கைபேசியில் ஒரு நகல் இருக்கும், அதைப் பார்வர்ட் செய்தால் வேறொருவரிடம் இன்னொன்று. ஓர் அலுவலகத்தில், வேறு துறைக்கு மாறிப்போன மேலாளர் ஒருவரின் மின்னஞ்சலில் பழைய புகார் அழைப்புகள் அத்தனையும் அப்படியே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். சர்வரில் அவை அழிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. வழக்கமான 8 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி வரும். அரை மணி நேர அழைப்பு ஜிமெயிலின் 25 எம்பி வரம்பைத் தாண்டிவிடும்.

உங்கள் தொலைபேசி மென்பொருள் ஃப்ரீபிபிஎக்ஸ் என்றால் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனிலும் (ஊழியரின் உள் எண்ணிலும்) வாய்ஸ்மெயில் பக்கத்தில் 'ஈமெயில் அட்டாச்மென்ட்' என்று இருக்கும். அதை 'நோ' ஆக்குங்கள். பக்கத்திலேயே 'டெலீட் வாய்ஸ்மெயில்' இருக்கிறது, அதையும் கட்டாயம் பாருங்கள். மின்னஞ்சல் போனதும் சர்வரிலிருந்து செய்தியை அழிப்பது அதன் வேலை. அட்டாச்மென்டை நிறுத்திவிட்டு இதை மட்டும் 'யெஸ்' என்று விட்டால் அறிவிப்பு வரும், செய்தி எங்குமே இருக்காது. வேறு மென்பொருளிலும் இந்த இரண்டும் வேறு பெயர்களில் இருக்கும், தேடிப் பாருங்கள். பேச்சை எழுத்தாக மாற்றி அனுப்பும் வசதி இருந்தால் அதையும் யோசித்துத்தான் இயக்க வேண்டும். ஒலிக்குப் பதில் எழுத்து வெளியே போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதோடு, மாற்றும் வேலையை வெளிச் சேவை செய்கிறது என்றால் குரலும் அங்கே போகிறது.

மின்னஞ்சல் அனுப்பும் அமைப்பு பெரிய விஷயமில்லை. இதற்கென்று தனி முகவரி ஒன்று, 587 அல்லது 465 போர்ட், டிஎல்எஸ் (அஞ்சல் போகும் வழியைக் குறியாக்கும் முறை) கட்டாயம், டொமைனின் எஸ்பிஎஃப் பதிவில் (உங்கள் பெயரில் யார் அஞ்சல் அனுப்பலாம் என்ற பட்டியலில்) அஞ்சல் அனுப்பும் சேவையின் பெயர், போதும். யாருடைய சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லையும் மென்பொருளில் போடாதீர்கள். அஞ்சல் வழியில் போகும்போதுதான் டிஎல்எஸ் காக்கும், போய்ச் சேர்ந்த பெட்டியில் எதையும் காக்காது. அந்தத் தனி முகவரியின் 'சென்ட்' பெட்டியில் நகல்கள் சேர்கின்றனவா என்றும் பாருங்கள்.

சரி, பதிவுக்கு வருவோம். எல்லா அழைப்பையும் பதிவு செய்துவிடலாம் என்ற எண்ணம்தான் முதலில் வரும். வேண்டாம். எதற்காகப் பதிவு என்று ஒரு வரியில் சொல்ல முடிந்த இடத்தில் மட்டும் இயக்குங்கள். புகார் வரிசை, ஆர்டர் எடுக்கும் வரிசை என்று காரணம் தெளிவாக இருக்க வேண்டும். ஊழியர்கள் தங்களுக்குள் பேசும் உள் அழைப்புகளை நிறுத்திவிடுங்கள். ஃப்ரீபிபிஎக்ஸில் 'ஃபோர்ஸ், யெஸ், டோன்ட் கேர், நோ, நெவர்' என்று ஐந்து நிலை உண்டு. 'ஃபோர்ஸ்', 'நெவர்' இரண்டும் 'யெஸ்', 'நோ'வை மிஞ்சும். மனிதவளத் துறை, மருத்துவ விவரம் பேசுகிறவர்கள் ஆகியோரின் எக்ஸ்டென்ஷனுக்கு 'நெவர்' போட்டுவிடுவது நல்லது.

அறிவிப்புக் குரலில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்ற குரலை வரவேற்பு மெனுவில் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நேரடி எண்ணில் அழைப்பவர் அந்த மெனுவைத் தொடவே மாட்டார். நீங்கள் வெளியே அழைக்கும்போது மறுமுனையில் எடுப்பவருக்கும் அது கேட்காது. அவர்களும் பதிவாகிறார்கள், ஆனால் அவர்களுக்குத் தெரியாது. இது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, பல இடங்களில் குற்றமும்கூட. கலிஃபோர்னியாவில் ரகசிய உரையாடலைப் பதிவு செய்ய எல்லாத் தரப்பின் சம்மதமும் வேண்டும். ஜெர்மனியில் அனுமதியின்றிப் பதிவு செய்வது தண்டனைச் சட்டத்தின் 201ஆம் பிரிவில் வருகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்துக்கோ பேசுகிற ஒருவரின் சம்மதம் போதும். எதிர்முனை எந்த ஊரில் இருக்கும் என்று தெரியாத நிலையில், கடுமையான விதியைப் பின்பற்றுவதே சரி. வெளிச்செல்லும் அழைப்புகளுக்கு ஊழியரே முதல் வாக்கியத்தில் சொல்லட்டும், மறுத்தால் பதிவை நிறுத்தும் பொத்தான் அவர் கையில் இருக்கட்டும்.

தொலைபேசியில் கார்டு எண் வாங்கினால் இன்னும் கவனம். பின்புறத்தில் உள்ள மூன்று இலக்கக் குறியீட்டை, பணம் அனுமதிக்கப்பட்ட பிறகு வைத்திருக்கவே கூடாது என்கிறது கார்டு பணப்பரிமாற்றத்துக்கான பாதுகாப்பு விதித்தொகுப்பான பிசிஐ டிஎஸ்எஸ். ஒலிப்பதிவுக்கும் அது பொருந்தும், குறியாக்கம் செய்திருந்தாலும் விலக்கில்லை. ஆகவே அந்த இடத்தில் பதிவு தானாக நிற்கும்படி செய்யுங்கள். ஊழியர் பொத்தானை அழுத்துவார் என்று நம்பி விட்டால் நெரிசலான நாளில் மறந்துபோகும்.

அழைப்பின் குரலைக் குறியாக்கி அனுப்பும் எஸ்ஆர்டிபி இருக்கிறதே, போதாதா என்று சிலர் கேட்பார்கள். வழியில் ஒட்டுக்கேட்பதைத்தான் அது தடுக்கிறது. பதிவு செய்யும் சர்வர் குரலை அவிழ்த்த பிறகுதான் கோப்பாக எழுதுகிறது. ஃப்ரீபிபிஎக்ஸுக்கு அடித்தளமான ஆஸ்டெரிஸ்க் வகை அமைப்புகளில் அந்தக் கோப்பு சாதாரண வேவ், பெயரிலேயே தொலைபேசி எண்ணும் தேதியும் இருக்கும். அதனால் டிஸ்க் குறியாக்கமும், யார் திறக்கலாம் என்ற அனுமதியும் தனியாகச் செய்ய வேண்டியவை.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை அழைப்பு செய்து, அதை அழித்துப் பாருங்கள். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 17ஆம் பிரிவின்படி ஒருவர் தன் பதிவை அழிக்கச் சொன்னால் இதே வேலையைத்தான் செய்ய வேண்டியிருக்கும். அந்த எண்ணை வைத்து சர்வரில் தேடுங்கள், மின்னஞ்சலில் தேடுங்கள், அறிக்கைகளில் தேடுங்கள், அப்புறம் பேக்கப்பில் தேடுங்கள். பெரும்பாலும் பேக்கப்பில்தான் மிச்சம் இருக்கும், அதற்கும் ஒரு கெடு வையுங்கள்.