ரோஜாவில் ஒரு தும்பி

அன்புள்ள ஐயா,

100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கித் தும்பிகளைப் படமெடுக்கிறேன். கிட்டே போனாலே பறந்துவிடுகின்றன. பிடித்துச் சற்று நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் அசையாது, பிறகு பூவில் உட்காரவைத்துத் தண்ணீர் தெளித்து எடுக்கலாம் என்றார் நண்பர். அப்படி எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். லென்ஸைச் சுற்றி மாட்டும் ரிங் ஃபிளாஷ் வாங்கலாமா?

முகிலன், ஈரோடு

அன்புள்ள முகிலன்,

ரிங் ஃபிளாஷ் வேண்டாம்; அந்தப் பெரிய கண்களில் வெள்ளை வளையம் விழும். லென்ஸ் போதும்.

சென்ற மாதம் ஒரு புகைப்படப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். இதே மாதிரிப் படங்கள் வந்து குவிந்திருந்தன. அன்றிலிருந்து பொருமிக்கொண்டிருக்கிறேன்; நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

தும்பிக்கு ரோஜாவில் என்ன வேலை? அது தேன் குடிப்பதில்லை. கொசுவையும் ஈயையும் பறந்தபடியே பிடித்துத் தின்கிற பிராணி. நாலா பக்கமும் பார்க்க வசதியாக ஒரு காய்ந்த குச்சி முனை இருந்தால் அதற்குப் போதும். உங்கள் படத்தில் உச்சிவெயில் நிழல் இதழுக்கு நேர்கீழே விழுகிறது, சிறகெல்லாம் பனித்துளி. நண்பகலில் எந்த ஊரில் பனி பெய்கிறது? கால்களைப் பாருங்கள், எதையும் பற்றவில்லை, இதழ்மேல் சும்மா கிடக்கின்றன. சிறகுத் தசை சூடேறாமல் தும்பியால் எழும்ப முடியாது. ஓட முடியாததை உட்காரவைத்து எடுத்திருக்கிறீர்கள். எடுத்து முடித்தபின் அது என்ன ஆயிற்று என்று எழுதவும் இல்லை.

அதே வெயிலில் அதைக் குச்சியிலேயே விட்டிருந்தால், வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கி நின்றிருக்கும். உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைக்கும் வித்தை அது. அதையல்லவா எடுக்க வேண்டும்!

கரூர் பக்கம் என் மாமா தோட்டத்தில் பம்புசெட் தொட்டி ஒன்று உண்டு. ஒருநாள் விடியுமுன் என்னை எழுப்பிக் கூட்டிப்போனார். டார்ச் வெளிச்சத்தில், தொட்டிச் சுவரில் சேற்று நிறப் பூச்சி ஒன்று ஒட்டியிருந்தது. முதுகு பிளந்து, உள்ளிருந்து தும்பி ஒன்று பாதி வெளியே வந்து தலைகீழாகத் தொங்கியது. செத்துவிட்டது என்றேன். “பேசாமல் பார், மாப்பிள்ளை” என்றார். நெடுநேரம் கழித்து ஒரே எவ்வில் நிமிர்ந்து, தன் கூட்டையே பிடித்துக்கொண்டு வாலை உருவியது. கசங்கிய காகிதம்போல் இருந்த சிறகு பால் நிறத்தில் மெல்ல நீண்டது. கூட்டின் பிளவில் வெள்ளை இழைகள் தொங்கின. மூச்சுக்குழாய்களின் உள்தோல் அது. தொடப்போன என் கையில் ஓர் அடி விழுந்தது. அந்த நேரத்தில் விரல் பட்டால் சிறகு கோணிக்கொள்ளும், பிறகு சரியாகாது.

கிட்டே போனால் பறக்கிறதா? பறக்கட்டும். குச்சியில் உட்காரும் இனங்கள் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும். குச்சிக்கு ஃபோகஸ் வைத்துவிட்டு, உங்கள் நிழல் அதன்மேல் விழாதபடி குந்தியிருங்கள். வெள்ளோடு ஏரி உங்களுக்குப் பக்கம்தானே, விடியற்காலையில் போங்கள். குளிரில் தானாகவே அசையாமல் இருக்கும். பனியும் அசலாகவே இருக்கும். மூஞ்சியை மட்டும் எடுத்து அனுப்பாதீர்கள். மார்பின் பக்கவாட்டும் வால் நுனியும் தெரிந்தால்தான் என்ன இனம் என்று சொல்ல முடியும்.