வாசகர் கேள்வி பதில்: பழைய போர் விமானங்களும் சின்ன விமானங்களும்

கேள்வி: ரத்மலானையில் செஸ்னா 150 விமானத்தில் பயிற்சி பெறுகிறேன். 30 பாகை வெயிலிலும் காபரேற்றருக்குள் பனிக்கட்டி கட்டும் என்கிறார் பயிற்றுநர். மட்டக்களப்பு வெக்கையில் பிறந்து வளர்ந்த எனக்கு நம்ப முடியவில்லை.
– மாணவர், கல்லடி

பதில்: நம்புங்கள், தம்பி. உங்கள் ஊரைப் போன்ற ஈரமான கரையோரத்தில்தான் அது கூடுதலாக நடக்கும். காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரின் ஒடுங்கிய கழுத்துக்குள் காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைந்து குளிர்கிறது. அதே இடத்தில் பெற்றோல் ஆவியாகிச் சூட்டை உறிஞ்சுகிறது. குளிர்ச்சியில் பெரும்பங்கு இதனால்தான். இரண்டும் சேர்ந்தால் வெப்பநிலை 20 பாகை, சிலவேளை 30 பாகைக்கும் மேல் இறங்கும். வெளியே 30 பாகை, காற்றிலோ நிறைய ஈரம் என்றால், அந்த ஈரம் முதலில் நீராகிப் பின் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் திரொட்டில் தகட்டின் ஓரத்தில் பனியாகப் படியும்.

திரொட்டிலைக் குறைத்துக் கீழே இறங்கும் வேளைதான் மிக ஆபத்து. தகடு கிட்டத்தட்ட மூடியிருப்பதால் கொஞ்சப் பனியே வழியை அடைத்துவிடும். இதழ்களின் சாய்வு மாறாத விசிறியுள்ள விமானத்தில் முதல் அடையாளம் சுற்றுவேகம் மெல்ல மெல்லக் குறைவது. விமானி தன்னை அறியாமலே திரொட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிச் சரிக்கட்டிவிடுவார், அறிகுறி மறைந்துபோகும். எஞ்சின் உதறத் தொடங்கும்போது பனி நன்றாகக் கட்டியிருக்கும்.

ஆகவே திரொட்டிலைக் குறைக்கும் முன்னரே காபரேற்றருக்குள் சூடான காற்றை விடும் சூடேற்றியின் கைப்பிடியை முழுதாக இழுங்கள், அரைகுறையாக வேண்டாம். பனி இருந்தால் சுற்றுவேகம் முதலில் விழும். உருகிய நீர் உள்ளே போவதால் எஞ்சின் இன்னும் மோசமாக உதறும். பழகாதவர்கள் பயந்து அந்த நேரத்தில்தான் கைப்பிடியை உள்ளே தள்ளுகிறார்கள். தள்ளாதீர்கள். உருகி முடிந்ததும் சுற்றுவேகம் ஏறும். தரையில் நெடுநேரம் பாவிக்க வேண்டாம், சூடான காற்று வடிகட்டி வழியாக வருவதில்லை, தூசி நேரே உள்ளே போகும். இறங்காமல் மறுபடி மேலெழும்போது முழுத் திரொட்டில் கொடுத்த கையோடு சூடேற்றியை மூடுங்கள், சூடான காற்று வலுவைக் குறைக்கும். உங்கள் 150இல் இருக்கும் கொன்ரினென்ரல் ஓ-200 எஞ்சின் இந்த விடயத்தில் பேர்போனது. எரிபொருளை உட்செலுத்தும் எஞ்சினுள்ள புதிய செஸ்னா 172களில் காபரேற்றரே இல்லை.

கேள்வி: டக்கோட்டா விமானத்தைக் கிளப்பும் முன் வேலையாட்கள் விசிறியைக் கையால் சுற்றுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எஞ்சினைச் சூடாக்கவா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஏறாவூர்

பதில்: இல்லை ஐயா, எஞ்சின் உடையாமல் காக்க. டக்கோட்டாவின் பிராட் அண்ட் விற்னி ஆர்-1830 எஞ்சினில் ஏழு ஏழாக இரண்டு வரிசையில் 14 சிலிண்டர்கள் வட்டமாக நிற்கின்றன. எஞ்சின் நின்ற பிறகு எண்ணெய் கீழ்நோக்கி வடிந்து, பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி, அடிச் சிலிண்டர்களுக்குள் தேங்குகிறது. காற்றை நெருக்கலாம், எண்ணெயை நெருக்க முடியாது. ஸ்ராற்றரை அழுத்தினால் பிஸ்ரன் அந்த எண்ணெயில் போய் மோதி, இணைப்புத் தண்டு வளையும். அன்றைக்கே முறியாவிட்டாலும் வளைந்த தண்டு பல மணி நேரம் ஓடியபின் வானத்தில் முறியலாம்.

பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் மக்னீற்றோ அணைந்திருக்கிறதா, கலவைக் கைப்பிடி எரிபொருளை நிறுத்தும் அடைப்பு நிலையில் இருக்கிறதா, சக்கரத்துக்குக் கட்டை வைத்தாயிற்றா என்று பார்த்துவிட்டு, விசிறியை அது ஓடும் திசையிலேயே சுற்ற வேண்டும். எல்லாச் சிலிண்டரும் ஒருமுறை நெருக்கி முடிக்கக் கிராங் தண்டு இரண்டு சுற்று வரவேண்டும். இடையில் வேகத்தைக் குறைக்கும் 16:9 பற்சக்கரம் இருப்பதால் விசிறி ஒரு சுற்றுக்குச் சற்று மேல் வந்தாலே அது நடந்துவிடும். ஆனாலும் மூன்று சுற்று, அதாவது விசிறியின் ஒன்பது இதழ்கள் கடந்துபோக எண்ணுவது நல்ல பழக்கம். மக்னீற்றோ அணைந்திருந்தாலும் விசிறி எந்த நேரமும் உயிர்பெறலாம் என்றே எண்ணி நிற்க வேண்டும்; அறுந்த ஒரு வயர் போதும்.

கை கனத்து நின்றுவிட்டால் பலம் கொடுக்கக் கூடாது. பின்பக்கமாகச் சுற்றவும் கூடாது. பின்னால் சுற்றினால் எண்ணெய் உள்ளிழுக்கும் குழாய்க்குள் போய்ப் பதுங்கும், கிளப்பியதும் திரும்பி வந்து அதே நாசத்தைச் செய்யும். அடிச் சிலிண்டர்களின் பிளக்கைக் கழற்றி, எண்ணெயை வடியவிட்டு, மறுபடி சுற்றிப் பார்ப்பதே வழி. நேரம் எடுக்கும் வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது. றைகர் மொத், சிப்மங்க் விமானங்களின் ஜிப்சி மேஜர் எஞ்சினில் நான்கு சிலிண்டரும் தலைகீழாகத் தொங்குவதால் அங்கேயும் இதே கவனம் வேண்டும்.

கேள்வி: எங்கள் கடலில் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலுக்குள் இன்னும் விமானங்கள் இருக்கின்றனவா? சுழியோடிப் பார்க்கலாமா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: இல்லை. 1942 ஏப்ரல் 9 அன்று அது மூழ்கியபோது அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. அதன் 814ஆம் அணியின் சுவோர்ட்பிஷ் விமானங்கள் கரையில் நின்றன. திருகோணமலை தாக்கப்படலாம் என்று தெரிந்து, முந்திய இரவு கப்பல் துறைமுகத்தை விட்டு வெறுந்தளத்தோடு தெற்கே வந்தது. விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கப்பட்ட முதற்கப்பலுக்கு, தன்னைக் காக்கத் தன் தளத்திலிருந்து எழுப்ப ஒரு விமானமும் இல்லாமற்போனது பெரிய சோகம். ஜப்பானின் உளவு விமானம் கண்டு சொல்ல, ஐச்சி டி3ஏ குத்துக்குண்டு விமானங்கள் வந்தன. படங்களில் இதை அடையாளம் காண்பது சுலபம்: நீள்வட்டச் சிறகும், உள்ளே மடங்காமல் உறைபோட்டபடி தொங்கும் சக்கரங்களும். ரத்மலானையிலிருந்து விரைந்த ஃபுல்மார் சண்டை விமானங்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 307 பேர் மாண்டனர். காவலுக்கு வந்த அவுஸ்திரேலியாவின் வம்பயர் என்ற நாசகாரிக் கப்பலும் அன்றே மூழ்கியது.

கப்பல் ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீற்றர். அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைதரசன் மயக்கம் புத்தியை மழுக்கும். மேலே வரும்போது படிப்படியாக நின்று நின்று வர வேண்டும். தொழில்நுட்பச் சுழியோட்டப் பயிற்சி இல்லாதவர் இறங்கவே கூடாது. இறங்குபவரும் எதையும் எடுத்து வரக் கூடாது, அது மாண்டவர்களின் கல்லறை.

கேள்வி: றெஜிபோமில் செய்த கிளைடர் எறிந்ததும் மூக்கைத் தூக்கி, பிறகு தொப்பென்று விழுகிறது. பசை வைத்த இடமும் உருகிவிட்டது.
– பாடசாலை மாணவர், கல்முனை

பதில்: உருகியது சுப்பர் குளுவால். மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையைப் பூசி ஓர் இரவு காயவிடுங்கள். ஸ்பிறே பெயின்ரும் றெஜிபோமைத் தின்றுவிடும், அடிக்காதீர்கள்.

அளவுகளுக்கு இதைப் பின்பற்றுங்கள். 5 மில்லிமீற்றர் தடிப்பில் 60 சென்ரிமீற்றர் நீளம், 10 அகலமாகச் சிறகு. நடுவில் மடித்து இரண்டு நுனியையும் 3 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். வாற்சிறகு 20க்கு 6, நிமிர்ந்த வால் 8க்கு 7. உடலுக்கு 50 சென்ரிமீற்றர் மூங்கில் குச்சி. சிறகின் முன்விளிம்பு மூக்கிலிருந்து 12இல் வரட்டும். பிறகு மூக்கில் களிமண் சேர்த்து, சிறகின் முன்விளிம்பிலிருந்து 3 சென்ரிமீற்றர் பின்னால் இரண்டு விரலில் தாங்கினால் மட்டமாக நிற்கும்படி செய்யுங்கள். உங்கள் கிளைடரில் பாரம் இதைவிடப் பின்னால் இருக்கிறது, அதனால்தான் மூக்குத் தூக்குகிறது. குப்புற விழுந்தால் களிமண்ணைக் கடுகளவாகக் குறையுங்கள். ஒருபக்கம் சுழன்றால் சிறகு முறுகியிருக்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். கடற்காற்று எழும்ப முன், காலையில், மூக்கைச் சற்றுக் கீழே பிடித்து மெதுவாகத் தள்ளுங்கள். பலமாக எறிய வேண்டியதில்லை.

கேள்வி: 1/72 அளவு ஹரிக்கேன் மாதிரிக்கு மார்கழியில் லக்கர் அடித்தேன். வெள்ளை பூத்துவிட்டது.
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: முதற் கேள்வியில் சொன்ன அதே காரணம்தான். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, மழைக்காலக் காற்றின் ஈரம் பூச்சுக்குள் படிகிறது. காற்றுக் காய்ந்த ஒரு நாளில் மெதுவாக உலரும் தின்னரை மட்டும் மெல்லியதாக ஒருமுறை ஊதுங்கள், பெரும்பாலும் தெளியும். இனிமேல் ஈரப்பதன் 60 வீதத்துக்கு மேல் இருந்தால் லக்கரைத் தொடாதீர்கள், நீரில் கரையும் அக்ரிலிக் பாவியுங்கள். கச்சான் வீசும் மாதங்கள் காய்ந்தவை, ஆனால் தூசி வரும். அடித்ததும் ஒரு பெட்டியால் மூடிவிடுங்கள். நீரில் ஊறவைத்து ஒட்டும் அடையாளப் படங்களை (டெக்கால்) ஒட்டும் முன் பளபளப்புப் பூச்சு ஒன்று அவசியம். மங்கற் பூச்சின் சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும்.

கேள்வி: ஸ்பிற்பயரின் மேர்லின் எஞ்சின் பூட்டிய விமானத்தைப் பார்க்க இங்கிலாந்துக்குத்தான் போக வேண்டுமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: வேண்டியதில்லை, அம்மா. ரத்மலானையிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் பௌல்ரன் போல் பலியோல் இருக்கிறது. இலங்கை விமானப்படை 1950களில் பயிற்சிக்குப் பாவித்த இந்த விமானத்தில் இருப்பது மேர்லின் 35; 12 சிலிண்டர், 27 லீற்றர், ஸ்பிற்பயருக்கும் ஹரிக்கேனுக்கும் வலுக்கொடுத்த அதே குடும்பம். மூக்கின் இரு பக்கமும் வரிசையாக நிற்கும் புகைக்குழாய்களைக் கவனியுங்கள், ஒரு பக்கத்துக்கு ஆறு சிலிண்டர். மாணவரும் ஆசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் முன்னுடல் அகலமானது, அதனால்தான் ஸ்பிற்பயரின் மெலிவு இதில் இல்லை. மட்டக்களப்பிலிருந்து உதயதேவி ரயிலில் கொழும்புக் கோட்டைக்குப் போய், கரையோர ரயிலில் ரத்மலானைக்கு வரலாம். படம் பிடிப்பதற்கு முன் வாசலிலேயே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.