மணலில் போய் பல்டி அடித்துப் பார்க்கலாமா?

கேள்வி: அண்ணா, எனக்கு 26 வயது. ஜிம்னாஸ்டிக்ஸ் எதுவும் கற்றதில்லை. பின்பக்கமாக ஒரு பல்டி அடிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாம் மனப்பாடம், ஆனால் குதிக்கப் போனால் உடம்பு அப்படியே உறைந்துவிடுகிறது. “மணலில் போய் யோசிக்காமல் அடித்துவிடு, தைரியம்தான் எல்லாம்” என்கிறான் நண்பன். அடுத்த மாதம் என் பிறந்தநாள், அதற்குள் அடித்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். முன்பல்டியில் தொடங்குவதா, பின்பல்டியிலா? வயது தாண்டிவிட்டதா?

பதில்: தம்பி, வயது தாண்டவில்லை. முப்பதுக்கு மேல் தொடங்கி ஒழுங்காகப் பல்டி அடிப்பவர்களும் உண்டு. ஆனால் மணலுக்குப் போகாதீர்கள். காய்ந்த மணல் காலை உள்வாங்கிக்கொள்ளும், போதுமான உயரம் கிடைக்காது. ஈர மணல் கிட்டத்தட்ட தரை மாதிரிதான், தலை மோதினால் அது காப்பாற்றாது.

இன்னொன்று, உங்கள் உடம்பு உறைவதைக் கோழைத்தனம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தலைகீழான பிறகு என்ன செய்வது என்று அதற்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான். வீடியோவால் கண்தான் பழகியிருக்கிறது. அந்தப் பயத்தை அமுக்கிவிட்டுக் குதிப்பவர்கள் பலருக்கும் பாதி சுற்றியதும் மனம் மாறிவிடும், மடக்கிய கால் விரிந்துவிடும், கால் விரிந்ததும் சுழற்சி வேகம் குறையும், அப்போது தரையில் முதலில் படுவது தலையாகவோ கழுத்தாகவோ இருக்கும். சுற்றத் தொடங்கிவிட்டால் இறுக்கிப் பிடித்து முழுசாகச் சுற்றுவதுதான் பாதுகாப்பு, முழங்காலில் போய் விழுந்தாலும் பரவாயில்லை. அதனால் நான் விடாமல் சொல்வது ஒன்றுதான்: எந்தப் படியிலும் பெரிய தைரியம் தேவைப்படக் கூடாது. தேவைப்பட்டால் நடுவில் ஒரு படியைத் தாவிவிட்டீர்கள், திரும்பிப் போய் அதைப் பழகுங்கள்.

முன்பல்டி பார்க்கப் பயம் குறைவாக இருக்கும், ஆனால் தரையைக் கண்ணால் பார்க்காமலே இறங்க வேண்டும், சுற்று குறைந்து குத்தவைத்தபடி விழுபவர்கள்தான் அதிகம். பின்பல்டியில் கடைசிக் கட்டத்தில் தரை தெரியும். உங்கள் ஆசையும் அதுதான் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

முதல் சில வாரங்கள் பல்டி என்ற பேச்சே வேண்டாம். விழப் பழகுங்கள். மெத்தை விரித்து, குந்தி உட்கார்ந்து, முகவாயை மார்போடு ஒட்டி, முதுகை வளைத்துப் பின்னால் உருளுங்கள், கை பின்னால் ஊன்றாமல். பின்னால் விழும்போது முழங்கையை விறைப்பாக வைத்து கையை ஊன்றுவது மணிக்கட்டையும் முழங்கையையும் உடைக்கும் பழக்கம், அதை முதலிலேயே விட்டுவிட வேண்டும். அப்புறம் முன்பக்கக் குட்டிக்கரணம், பின்பக்கக் குட்டிக்கரணம். இந்தப் பின்பக்கக் குட்டிக்கரணத்தில் மட்டும் இரண்டு உள்ளங்கையையும் காதுக்குப் பக்கத்தில் ஊன்றித் தள்ள வேண்டும், எடை கழுத்தில் இறங்கக் கூடாது. இதோடு குந்தி எழும் ஸ்குவாட், மல்லாந்து படுத்து தோளையும் காலையும் லேசாகத் தூக்கி நிறுத்தும் ஹாலோ ஹோல்ட், நின்ற இடத்தில் எகிறி முழங்காலை மார்புக்கு இழுத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்குவது. கடைசியில் சொன்னது களைக்காமல், ஒரே இடத்தில் வரிசையாகப் பத்து முறை வந்தால் கால் தயார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனிதான் முக்கியமான இடம், பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான். பின்பல்டி என்றதும் எல்லோரும் பின்னால் குதிக்கிறார்கள், தலையையும் பின்னால் எறிகிறார்கள். இரண்டுமே தவறு. குதிக்க வேண்டியது நேராக மேலே: கை காதோரம் முழுசாக நீண்டு, கண் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, உடம்பு நீண்டு எழும்பிய பிறகுதான் முழங்கால் மேலே வர வேண்டும், இடுப்பு அதோடு சேர்ந்து சுற்ற வேண்டும். தலையை எறிந்தால் முதுகு வில்லாக வளையும், உயரம் போய்விடும். கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். உடம்பு 45 செ.மீ. எழும்பினால் காற்றில் கிடைப்பது சுமார் 0.6 நொடி. அதற்குள் ஒரு முழுச் சுற்று வேண்டும் என்றால் உடம்பைச் சுருக்கியே ஆக வேண்டும், சுருக்கினால்தான் வேகம் கூடும். அதனால் ஒவ்வொரு செ.மீ. உயரமும் உங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் நேரம், அதைத் தலையை எறிந்து வீணாக்காதீர்கள்.

இதைப் பழக, இடுப்பு உயரத்துக்கு அடுக்கிய தடித்த மெத்தைக்கு முதுகைக் காட்டித் தரையில் நின்று, மேலே எழும்பி அதன்மேல் மல்லாந்து விழுந்து பாருங்கள், உடம்பு நீட்டமாக, முகவாய் உள்ளே. அது அலுத்துப் போகும் அளவுக்கு ஆன பிறகு அதே மாதிரி எழும்பி முழங்காலை இழுத்து, விழுந்த வேகத்திலேயே பின்னால் உருளுங்கள். அடுத்தது பயிற்சியாளர் பிடிக்க, கொஞ்சம் உயரமான இடத்திலிருந்து தாழ்ந்த மெத்தைக்கு. பிறகு சமதளத்தில், அவர் கை வைத்தபடி. பிறகு கை வெறுமனே பக்கத்தில் இருக்கும். எல்லாவற்றுக்கும் பிறகுதான் தனியாக.

இந்தப் பிடிக்கும் வேலையை நண்பரிடம் கொடுக்காதீர்கள். ஒரு கை கீழ்முதுகில், இன்னொன்று தொடையின் பின்புறம் என்று சொல்வது சுலபம், ஆனால் உங்கள் முழு எடையையும் சரியான நொடியில் தாங்கித் திருப்ப அவருக்கும் பயிற்சி வேண்டும், தெரியாதவர் பயந்து கையை எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். ஜிம்னாஸ்டிக்ஸ் அல்லது பார்கூர் (சுவர், தடைகளைத் தாவிக் கடக்கும் பயிற்சி) சொல்லித்தரும் இடத்தில் சேருங்கள். வீட்டு டிராம்போலினில் (துள்ளிக் குதிக்கும் வலை) முயல்வதும் வேண்டாம். அதில் பல்டி அடித்துக் கழுத்தெலும்பில் நிரந்தரக் காயம் அடைபவர்கள் இருப்பதால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் வீட்டு டிராம்போலினையே வேண்டாம் என்கிறது. உயரம் கூடுதலாகக் கிடைக்கும், கட்டுப்பாடு கிடைக்காது.

பிறந்தநாள் கெடுவைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எலெனா முகினா என்ற சோவியத் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை 1978இல் உலக சாம்பியன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸ் நெருங்கிக்கொண்டிருந்தது, உடைந்த கால் முழுசாகக் குணமாகவில்லை, அந்த நிலையில் மிகக் கடினமான ஒரு பல்டியைப் பயிற்சி செய்யும்போது கழுத்து முறிந்து கைகால் செயலிழந்தார். தேதிக்காக உடம்பை அவசரப்படுத்துவது அவ்வளவு பெரிய வீராங்கனைக்கே ஒத்துவரவில்லை. இன்னொரு பக்கம், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வு தப்பிப் போனதும் குழு இறுதிப் போட்டியிலிருந்து விலகினார். அவரைத் தைரியம் இல்லாதவர் என்று யாராவது சொல்ல முடியுமா? நீங்களும் நன்றாக வந்துகொண்டிருந்தது ஒருநாள் திடீரென்று வராமல் போனால், இரண்டு படி கீழே இறங்கி அங்கிருந்து பழகுங்கள். களைத்துப் போனால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், “கடைசியாக ஒரு தடவை” வேண்டவே வேண்டாம்.

கழுத்து, முதுகு, மணிக்கட்டில் ஏற்கெனவே பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். தலை மோதினால் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. தலைவலி, வாந்தி, குழப்பம் என்று எது வந்தாலும் உடனே மருத்துவமனை. யாராவது கழுத்துப்பட விழுந்து, வலிக்கிறது என்றோ கை கால் மரத்துப்போகிறது என்றோ சொன்னால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், தலையைத் திருப்பாதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். அப்படியே அசையாமல் படுக்கவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இதை உங்கள் நண்பரிடமும் சொல்லி வையுங்கள்.