டைட்டானிக் மூழ்கி நூறாண்டு கடந்தும் அதன் மீதான ஈர்ப்பு ஏன் குறையவில்லை?

சென்ற கோடை விடுமுறையில் மாட்டுத்தாவணிக்கு அருகே போட்டிருந்த ஒரு பொருட்காட்சிக்கு என் தங்கை மகளை அழைத்துச் சென்றிருந்தேன். கடலே இல்லாத மதுரையில் அந்தப் பொருட்காட்சியின் முகப்பாக நின்றது டைட்டானிக் கப்பல். பிளைவுட்டும் துணியும் வைத்துச் செய்து, நான்கு புகைப்போக்கிகளிலும் இயந்திரப் புகை வரும்படி அமைத்திருந்தார்கள். உண்மையான கப்பலில் நான்காவது புகைப்போக்கிக்கும் கொதிகலன்களுக்கும் தொடர்பில்லை என்றும், அது பெரும்பாலும் காற்றோட்டத்துக்காக வைத்தது என்றும் அவளிடம் சொல்லத் தொடங்கினேன். அவளோ அதைக் காதில் வாங்காமல், பக்கவாட்டில் வரைந்திருந்த படகுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். "இவ்வளவு பெரிய கப்பலுக்கு ஆறே படகுதானா மாமா?" என்றாள். உண்மையில் இருந்தவை 20 படகுகள், அவற்றில் 1,178 பேர் ஏறலாம், கப்பலில் இருந்தவர்களோ ஏறத்தாழ 2,200 பேர் என்றேன். "அப்ப மத்தவங்க?" என்று கேட்டுவிட்டு டெல்லி அப்பளக் கடையின் பக்கம் திரும்பிவிட்டாள்.

இந்தத் தளத்தில் கேட்கப்பட்டிருக்கும் கேள்விக்கு விடை அந்த "அப்ப மத்தவங்க?" என்பதற்குள் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் 1997-இல் வந்த திரைப்படம்தான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். அந்தப் படம் ஈர்ப்பைப் பன்மடங்காக்கியது உண்மை. ஆனால் 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் கப்பல் மூழ்கிய ஒரே மாதத்தில், அதிலிருந்து தப்பி வந்த டாரதி கிப்சன் என்ற நடிகையே நடித்த மௌனப்படம் ஒன்று திரைக்கு வந்துவிட்டது. இறந்தோரின் எண்ணிக்கையும் காரணமாக இருக்க முடியாது. டைட்டானிக்கில் இறந்தவர்கள் ஏறக்குறைய 1,500 பேர். 1987 டிசம்பரில் பிலிப்பைன்சுக்கு அருகே டோன்யா பாஸ் என்ற பயணிகள் கப்பல் எண்ணெய்க் கப்பலோடு மோதி எரிந்ததில் 4,000 பேருக்கு மேல் மாண்டார்கள். 1945 ஜனவரியில் சோவியத் நீர்மூழ்கி ஒன்று தாக்கி மூழ்கடித்த வில்ஹெல்ம் குஸ்ட்லோஃப் என்ற ஜெர்மானியக் கப்பலில் இறந்தவர்கள் அதைவிடவும் பல ஆயிரம் அதிகம். இந்த இரண்டு கப்பல்களின் பெயரையும் நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

என்னைப் பொறுத்தவரை முதன்மையான காரணம், அந்தக் கப்பல் மூழ்குவதற்கு எடுத்துக்கொண்ட நேரம். இரவு 11.40-க்குப் பனிப்பாறையில் உரசியது, 2.20-க்கு முற்றிலும் மறைந்தது. இடைப்பட்ட இரண்டு மணி நாற்பது நிமிடமும் கடல் குளம் போல் அசையாமல் கிடந்தது. கடைசிச் சில நிமிடங்கள் வரையில் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு அது மூழ்கிய விதத்தைக் கண்மாயை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். கப்பலின் அடிப்பகுதி தடுப்புச் சுவர்களால் 16 அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முன்பக்கத்து நான்கு அறைகளில் நீர் புகுந்தாலும் மிதக்கும் என்பது கணக்கு. பாறை உரசியதில் நான்குக்கு மேற்பட்ட அறைகள் திறந்துகொண்டன. தடுப்புச் சுவர்கள் மேல்தளம் வரை எழுப்பப்படாததால், மேல்கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து கீழ்க்கண்மாயை நிரப்புவதைப் போல, முன்பக்கம் தாழத் தாழ ஓர் அறையின் நீர் சுவரைத் தாண்டி அடுத்த அறைக்குள் இறங்கியது. கப்பலை வடிவமைத்தவர்களில் ஒருவரான தாமஸ் ஆண்ட்ரூஸ் அதில் பயணம் செய்துகொண்டிருந்தார். அவர் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் கப்பல் தாங்காது என்று தலைமை மாலுமி எட்வர்ட் ஸ்மித்திடம் சொல்லிவிட்டார். கப்பல் போகப்போகிறது என்பது சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. ஆனால் ஏதேனும் ஒன்றைச் செய்வதற்கு எல்லோருக்குமே நேரம் இருந்தது. ஒரு குண்டு வெடிப்பிலோ ரயில் மோதலிலோ மனிதனுக்கு இப்படிப்பட்ட அவகாசம் கிடைப்பதில்லை.

அந்த நேரத்தில் யார் என்ன செய்தார்கள் என்பது பதிவாகியிருப்பது அடுத்த காரணம். உயிர் பிழைத்த ஏறத்தாழ 700 பேரில் பலர் வாய் திறந்தார்கள். அமெரிக்காவில் ஒன்றும் பிரிட்டனில் ஒன்றுமாக நடந்த விசாரணைகளில், பிரிட்டிஷ் விசாரணையில் மட்டும் 25,000-க்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்கப்பட்டன. அவற்றுக்கான பதில்களைப் படிப்பவர் மனத்தில், இது இப்படி நடக்காமலும் இருந்திருக்கலாமே என்ற எண்ணம் வந்துகொண்டே இருக்கும். அருகில் நின்ற கலிஃபோர்னியன் கப்பலின் கம்பியில்லாத் தந்தி இளைஞர், பனி சூழ்ந்துவிட்டது என்று டைட்டானிக்குக்குச் செய்தி அனுப்பி, வேலையாக இருக்கிறேன், பேசாமல் இரு என்ற பதிலை வாங்கிக்கொண்டு, கருவியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போன சிறிது நேரத்தில்தான் மோதல் நடந்தது. நாற்பது பேர் ஏறக்கூடிய ஒரு படகு வெறும் பன்னிரண்டு பேரோடு இறக்கப்பட்டது.

ரூத் பெக்கர் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கதை எனக்கு மிகவும் நெருக்கமானது. அவள் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில். தந்தை அங்கே லூத்தரன் மிஷனரி. அவர் குண்டூரிலேயே தங்கிவிட, உடல்நலம் குன்றிய கைக்குழந்தையான தம்பியின் சிகிச்சைக்காகத் தாய் மூன்று பிள்ளைகளோடு அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார். குளிருக்குக் கம்பளி எடுத்துவர ரூத்தை அறைக்குத் திருப்பி அனுப்பினார் தாய். பின்னர் 11-ஆம் எண் படகில் தம்பியும் தங்கையும் ஏற்றப்பட்டார்கள், தாயும் ஏறிக்கொண்டார், படகு நிறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். வேறு படகில் ஏறிக்கொள் என்று தாய் கத்தியதைக் கேட்ட அந்தப் பெண், ஒரு அதிகாரியிடம் தானே போய்க் கேட்டு 13-ஆம் படகில் ஏறினாள். அது நீரைத் தொட்டு நகர்வதற்குள் 15-ஆம் படகு நேராகத் தலைக்கு மேல் இறங்கியது. கயிற்றைக் கத்தியால் அறுத்துத் தப்பினார்கள். கொதிகலன் அறையிலிருந்து மெல்லிய உடையோடு ஏறி வந்து நடுங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்கு அவள் கையில் இருந்த கம்பளிகள் பயன்பட்டன. ரூத் இதைத் தன் சொந்தப் பிள்ளைகளிடம்கூட நெடுங்காலம் சொல்லாமல் இருந்தார். 1990-இல் இறந்த அவருடைய அஸ்தி, கப்பல் மூழ்கிய இடத்துக்கு மேலே கடலில் தூவப்பட்டது.

ஆணவத்துக்குக் கிடைத்த தண்டனை என்ற விளக்கத்தை நம் ஊர் மேடைப் பேச்சாளர்கள் விரும்பிச் சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவாக ஒப்பவில்லை. படகுகள் குறைவாக இருந்ததற்கு ஆணவத்தைவிடச் சட்டமே பெரிய காரணம்: அன்றைய பிரிட்டிஷ் விதி 10,000 டன்னுக்கு மேற்பட்ட எல்லாக் கப்பலுக்கும் ஒரே அளவைத்தான் கேட்டது, 46,000 டன் கொள்ளளவுள்ள டைட்டானிக் சட்டம் கேட்டதைவிடக் கூடுதலாகவே படகுகளை வைத்திருந்தது. அதிகம் வலிக்கும் செய்தி வேறு. மூன்றாம் வகுப்பில் வந்தவர்களில் நான்கில் ஒருவரே பிழைத்தார்கள். முதல் வகுப்பிலோ பாதிக்கு மேல்.

1985-இல் ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்த பிறகு ஈர்ப்பு இன்னொரு சுற்று ஏறியது. 2023 ஜூனில் அதைப் பார்க்கப் போன டைட்டன் என்ற நீர்மூழ்கிக் கலம் நொறுங்கி ஐந்து பேர் இறந்ததும் அந்த ஈர்ப்பினால்தான்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு நேர்மாறான ஒன்று இருக்கிறது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைப் புயலில் எழுந்த கடல் விழுங்கியது. வண்டியில் இருந்த நூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. இன்று மதுரையிலிருந்து வேன் எடுத்துப் போகிறவர்கள் இடிந்த தேவாலயத்தின் முன்பு படம் எடுத்துக்கொண்டு, சங்கு மாலை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அந்த இடிபாட்டைத் தெரிந்த அளவுக்கு அந்த ரயிலில் இருந்த ஒருவரையும் நமக்குத் தெரியாது. ரயில்வேயில் வேலை பார்த்த என் பெரியப்பாவிடம் சிறுவயதில் ஒருமுறை, அந்த வண்டிக்குள் கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "யாருகிட்டடா போய்க் கேக்கச் சொல்ற?" என்றார்.